கழுத்துக் கயிறு

பண்ணாடி குமாரசாமியின் பண்ணையில் ஒரு கிடேரி தலையீத்து ஈன்றது. கன்று பூனைக்குட்டி மாதிரி இருந்தது. அதே காளைக்குச் சினையான நாலாம் ஈத்து மாட்டின் கன்றோ கொழுகொழுவென்று நின்றது.

பண்ணாடி ஆட்களைக் கூட்டிவைத்து, மாடு பார்க்கும் பாவாத்தாளை அதட்டினார்.

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான் புண்ணாக்கு கொடுத்தேன். கிடேரியோட பங்கை நீ திருடிட்டே. இல்லேன்னா, அது தின்னது எங்கே போச்சுன்னு இப்பவே காட்டு. காட்டாட்டி வேலையை விட்டுப் போ!"

பாவாத்தாள் கொட்டகைக்குள் போய் ஒரு பழைய கயிற்றோடு வந்தாள்.

"சினை பிடிச்சப்போ கிடேரி கழுத்துல கிடந்ததுங்க. நீங்களே கட்டிப் பாருங்க."

பண்ணாடி அதைக் கிடேரியின் கழுத்தில் இழுத்து இழுத்துக் கட்டிப் பார்த்தார். முனைகள் சேர இன்னும் நாலு விரல்கடை வேண்டியிருந்தது.

"பெரிய மாட்டுக்கு அன்னைக்குப் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருக்குதுங்க. அது வளர்ந்து முடிஞ்ச மாடு, தின்னது கன்னுக்குப் போச்சு. இது இன்னும் வளர்ற பிள்ளை. கன்னோட பங்குல பாதியை இதுவே எடுத்துக்கிச்சு."

ஆட்கள் தலையாட்டினார்கள். பண்ணாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வளர்றதுக்குள்ள இதைக் காளைக்கு ஓட்டிட்டுப் போன மடையன் யாரு?"

பாவாத்தாள் நிதானமாகச் சொன்னாள்.

"அன்னைக்குக் கயிறு பிடிச்சு ஓட்டிட்டுப் போனவங்க கையிலதானுங்க இப்பவும் கயிறு இருக்குது."