நாலு திருகு, ஆறு கம்பி

மாசிலாமணி பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டார்.

முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்து முதுகு போன மனுஷர். பளு தூக்காத வேலை எதுவானாலும் சரி என்று பாளையங்கோட்டையில் ஜெசிந்தாவின் கிட்டார் பட்டறைக்குத் தொழில் படிக்க வந்து எட்டு மாசம் ஆகிறது. வாத்தியாருக்கு வயசு முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

"எங்க கிளம்பிட்டிய, அண்ணாச்சி?"

"வீட்டுக்குத்தான். எனக்கு இது வராது, வாத்தியாரம்மா."

மேசையில் அந்தச் சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிற பிள்ளை மூன்றாம் தடவையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள். கிட்டாரின் கழுத்தை லேசாகத் தொட்டாலே சுருதி நழுவுகிறதாம். "அண்ணாச்சி, இது லாரி இல்ல" என்று ஒரு குத்தும் குத்திவிட்டுத்தான் போனாள். ஐந்து மணிக்கு வருவாள். இன்னொரு தடவை அவள் முகத்தில் முழிக்க அவருக்குத் தெம்பில்லை.

"எப்படி இறுக்குனிய?"

"ஆறு கம்பியையும் கழட்டி வச்சுட்டுதான். பாரத்தை இறக்காம நட்டைத் தொடலாமா? பின்பக்கம் கழுத்தைப் பிடிச்சிருக்கிற நாலு திருகையும் உசுரைக் கொடுத்து இறுக்கிட்டேன். இன்னிக்கும் சேர்த்து மூணு தடவையும் அப்படித்தான். இன்னும் எவ்வளவுதாம்மா இறுக்கணும்?"

 ஜெசிந்தா ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். அவர் குடித்து முடித்ததும், "கம்பியை மாட்டி சுருதி கூட்டுங்க" என்றாள்.

வேண்டாவெறுப்பாகக் கூட்டினார். ஆறு கம்பியும் விறைத்து நின்றன.

அவள் கிட்டாரைப் புரட்டி, திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள்.

"நாலையும் தளர்த்துங்க. கால் சுத்துதான்."

"கம்பியோடயா? கழுத்து பிச்சுக்கிட்டு வந்துரும்!"

"வந்தா பிடிச்சுக்கிடலாம்."

ஒன்று தளர்ந்தது. இரண்டு. மூன்று. நாலாவது திருகு அசைந்ததுதான் தாமதம், உள்ளே 'டக்' என்றது.

மாசிலாமணி கையை எடுத்துவிட்டார். "போச்சு. உடைச்சுட்டேன்."

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். கழுத்தின் அடிமுனைக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி காலையில் இருந்தது. இப்போது இல்லை.

"இனி இறுக்குங்க. மூலைக்கு மூலை. கை போதும்னா நிறுத்திருங்க."

முன்பு போட்ட பலத்தில் பாதிகூடப் போடவில்லை. அதற்குள் கை போதும் என்றது. அவள் கழுத்தைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி, கம்பிகளை மீட்டினாள். சுருதி நின்ற இடத்தில் நின்றது.

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "மூணு தடவை இதோட மல்லுக்கட்டியிருக்கேன். இப்ப நான் ஒண்ணுமே பண்ணலையே. யாரும்மா இதை இழுத்து உக்கார வச்சது?"

"கம்பிதான், அண்ணாச்சி. அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டுத்தான் நின்னுச்சு. நீங்கதான் அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, ஒத்த ஆளா நின்னு அல்லாடுனிய."



ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளை வந்தபோது வாசலில் பை இல்லை. மேசைக்கு அடியில் இருந்தது. கிட்டாரை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.