செவலைக்குப் போர்த்திய பொன்னாடை

வெகுகாலத்துக்கு முன்பு மருதங்காட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பசி வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது. திருவிழாக் காலத்தில் ஒருநாள் மதியச் சாப்பாடு தாமதம். விறகு பிளந்து முடியவில்லையாம்.

"பூ, இவ்வளவுதானா! விறகு பிளக்க நானே ஒரு பொறி செய்கிறேன், மகாராஜா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் அமைச்சர் திருமேனிநாதர். வெற்றிலை மடிப்பதைத் தவிர வேறு கைவேலை அறியாத மனிதர்!

"செய்யும். பொறி சொதப்பினால் திருவிழா முடியும்வரை கோடாலி உம் கையில்!" என்றார் ராஜா.

பொறி என்னவோ நன்றாகத்தான் வந்தது. செவலைக் காளை கயிற்றை இழுத்தால் கனமான இரும்பு ஆப்பு மேலேறும். உச்சியில் கொக்கி விடுபட்டு, கீழே கிடக்கும் கட்டைமேல் தடாலென்று விழும். கட்டைகள் தாமாக உருண்டு வர ஒரு சரிவுப் பலகையும் உண்டு. வெள்ளோட்டத்தன்று பார்த்தால், அத்தனை கட்டைகளும் ஒரே நேரத்தில் உருண்டு சபையை நோக்கிப் பாய்ந்தன. எல்லோரும் சிதறி ஓடினார்கள். ராஜாவையும் முந்திக்கொண்டு முதலில் ஓடியவர் அமைச்சர்தான்.

அமைச்சரைக் கண்டாலே ஆகாத தளபதி உக்கிரசிங்கன் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டைகளுக்கு வாயிற்காவலன் வையுங்கள் அமைச்சரே! ஒருவர் வெளியே போனால்தான் அடுத்தவர் உள்ளே!"

அமைச்சருக்கு அவமானத்தில் காது சிவந்தது. மறுகணமே முகம் மலர்ந்தது. "மகாராஜா, நாளை வரை பொறுங்கள்" என்று கெஞ்சினார்.

மறுநாள் சரிவில் இரண்டு தடுப்புப் பலகைகள் நின்றன. செவலை முன்னே நடந்தால் ஒன்று திறக்கும், மற்றொன்று மூடும். ஒரே ஒரு கட்டை உருண்டு வந்து, பிளந்த துண்டுகளைத் தள்ளிவிட்டு, ஆப்புக்கு அடியில் படுக்கும். அன்று உச்சிவேளைக்கு முன்பே இலை போட்டாயிற்று.

வயிறு நிறைந்த ராஜா கேட்டார்: "இது யாருடைய யோசனை, அமைச்சரே?"

"யோசனை தளபதியுடையது. உழைப்பு செவலையுடையது. முந்தாநேற்று வரை அடித்த ஜம்பமும், நேற்றைய ஓட்டமும்தான் என்னுடையவை, மகாராஜா."

தளபதி மீசையை முறுக்கினார். "ஆமாம் மகாராஜா, முழுக்க முழுக்க என் யோசனைதான்!"

ராஜாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அப்படியா! இவ்வளவு விவரம் தெரிந்தவரைப் படையில் வைத்து வீணடிக்கலாமா? திருவிழா முடியும்வரை விறகுக் கொட்டகை உமது பொறுப்பு. முதல் வேலையாக, செவலைக்கு உமது கையாலேயே பொன்னாடை போர்த்தும்!"

பிறகு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார்.

தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு பொன்னாடையைப் போர்த்தினார். செவலை அதன் ஓரத்தை இழுத்து மென்று தின்னத் தொடங்கியது.

அமைச்சர் பெருமூச்சு விட்டார். "செவலை என்னைவிடப் புத்திசாலி. நான் வாங்கிய பொன்னாடைகளைப் பெட்டியில் பூட்டிவைத்து என்னத்தைக் கண்டேன்?"