வேலம்மா எடுத்த இருவாச்சிப் படம்

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் வேலம்மா. அங்கே நின்ற பழைய மரத்தை வெட்ட மேனேஜர் தாமோதரன் நாள் குறித்திருந்தார். அதன் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைத்திருப்பதாக அவள் வனத்துறை ரேஞ்சரிடம் சொல்லிவிட்டாள்.

"மூணு நாள் கண் அசராமக் காவல் இருந்தேன். ஒரு காக்காகூட வரலை," என்றார் மேனேஜர். பிறகு ரேஞ்சர் முன்னாலேயே இரண்டு கேமராக்களை மேசையில் வைத்தார். ஒன்று நீள லென்ஸ் போட்ட பெரிய மிரர்லெஸ் கேமரா, மற்றது கைக்குள் அடங்கும் சின்னது. "எது வேணுமோ எடுத்துக்க. நாளைக்குச் சாயங்காலம் படம் வரலைன்னா மரம் விழும்."

வேலம்மா சின்னதை எடுத்தாள். "பெரிசு ஐயாகிட்டயே இருக்கட்டும். நீங்களும் காவல் இருங்க."

"அதுல தூரத்துல இருக்கிறது தெரியாதே," என்று சிரித்தார் அவர்.

"பக்கத்துல போயிக்கிறேன் ஐயா."

மறுநாள் கேமராவை மடியில் செருகிக்கொண்டு எதிர்மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். மதியம் ஆண் பறவை பழத்தோடு வந்தது.

சாயங்காலம் ரேஞ்சர் படத்தைப் பார்த்தார். பொந்துக்குள்ளிருந்து ஒரு நீண்ட அலகு பழத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதே படத்தின் அடியில், மரத்தடி ஜீப்பில் மேனேஜர் பெரிய கேமராவைக் கட்டிக்கொண்டு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"உங்க பெரிய கேமரான்னா படத்துல பறவை மட்டும்தான் விழுந்திருக்கும் ஐயா," என்றாள் வேலம்மா.

மரத்தைத் தொடக்கூடாது என்று ரேஞ்சர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். சித்திரை முடிவதற்குள் பொந்திலிருந்து ஒரு குஞ்சு பறந்தது.