பாதி வாக்கியம்

"முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக'ன்னு கேள்வி கொடுத்தவன் நான். எனக்கே ஒரு வாக்கியம் முடிய மாட்டேங்குதுன்னா வெளியே சொல்ல வெட்கமா இருக்கு, அம்மா."

சபாரத்தினம் வாத்தியார் இப்படித்தான் ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது அறுபத்து மூன்று.

பூங்கோதை அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாத்தியார் தங்கியிருந்த மடத்தின் தலைவி. வயது நாற்பத்தைந்து. வாத்தியாரிடம் குட்டு வாங்கியிருக்கக்கூடிய வயதுதான்.

"எந்தச் சொல்லு?" என்றார் அம்மை, தெரியாதவர்போல.

"கடைப்பிடித்தல்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை கேட்பவர் சபையில் எழுந்து நின்று, தான் கடைப்பிடிப்பது எது என்று சொல்ல வேண்டும். ஆனால் பாதிதான் சொல்லலாம். "வாய்மையை" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். "கடைப்பிடிக்கிறார்" என்கிற மீதியை, கூட இருந்து பார்த்தவர் யாராவது எழுந்து சொல்ல வேண்டும்.

ஒருவர் போதும். ஒருவரும் எழாவிட்டால் வாக்கியம் அப்படியே தொங்கும்.

வருடத்துக்கு ஒரு முறை. மொத்தம் மூன்று முறை. மூன்றும் தொங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

வாத்தியார் முதல் வருடம் "வாய்மையை" என்றார். யாரும் எழவில்லை. தனக்கு ஐம்பத்தெட்டு வயதுதான் என்று மடத்தில் மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தார்.

இரண்டாம் வருடம் "பொறுமையை" என்றார்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் செண்பகம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "ரசம் ஆறிப்போச்சுன்னு முந்தாநாள் தட்டைத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனது யாராம்?"

நாளை மூன்றாம் முறை.

வாத்தியாருக்குப் பயமாக இருந்தது. மனைவி போன பிறகு நான்கு வருடம் மகன் வீட்டு ஹாலில் படுத்திருந்தார். டிவியை அணைத்த பிறகுதான் பாயை விரிக்க முடியும். இங்கே வந்த பிறகுதான் நல்ல தூக்கம் என்று ஒன்று அவருக்கு வந்தது. அதை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க, வாத்தியாரே?"

"எளிமையை?"

"உங்க பெட்டியில எட்டு வேட்டி இருக்கு."

"அஞ்சு பழசும்மா."

அம்மை கீரையைப் பார்த்தார்.

"சரி, அன்பை?"

"யார் மேல?"

வாத்தியார் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கி வந்து நின்றார். நாற்பது வயது ஆள். பேச்சு திக்கும்.

"கீ... கீ..."

"கீரையா? அதான் அம்மா ஆய்ஞ்சுக்கிட்டிருக்காகல்லா, போ" என்றாள் செண்பகம், உள்ளேயிருந்தே.

இசக்கி தலையை ஆட்டினார். அது இல்லை.

"கீ..."

"கீழ விழுந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் குடத்தோடு கடந்து போனார். பதிலுக்கு நிற்கவில்லை.

வாத்தியார் தன் புலம்பலை அப்படியே நிறுத்திவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இசக்கியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கீரி" என்றார் இசக்கி. "கு... குட்டி போட்டிருக்கு. மூணு."

"அடடே. எங்கே?"

"வை... வை..."

அம்மையின் மடியில் ஒரு கட்டுக் கீரை முடிந்தது. இன்னொரு கட்டைப் பிரித்தார்.

"வைக்கோல்போர் அடியில."

"நாலு நாளைக்கு அங்கே வைக்கோல் உருவ வேண்டாம், இசக்கி. நான் மத்தவங்ககிட்டயும் சொல்லிடுறேன்" என்றார் வாத்தியார்.

இசக்கி சிரித்துக்கொண்டே போனார். வாத்தியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் எங்கே விட்டேன்?"

"ஒரு வாக்கியம் முடிய மாட்டேங்குதுன்னீங்க."

"ஆமாம்மா. நான் என்னதான் சொல்லட்டும்?"

"ஒண்ணும் வரலைன்னா ஒண்ணும் சொல்லாதீங்க."

"பாதியும் இல்லாம ஒரு வாக்கியமா? நானா இருந்தா முட்டை போடுவேன்."

"போடுங்க" என்றார் அம்மை. கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் முற்பகலில் சபை கூடியது. முப்பது பேர் இருப்பார்கள்.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பதினேழு சொற்கள் எழுதியிருந்தார். அழகான கையெழுத்து.

முதல் சொல்லை மனசுக்குள் படித்தார். நிமிர்ந்தார். செண்பகத்தின் முகம் தெரிந்தது. இரண்டாவதற்குப் போனார். மறுபடி நிமிர்ந்தார். இப்படியே பதினேழும் தீர்ந்தது.

தாளை மடித்தார்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லை, அம்மா. தேடிப் பார்த்துட்டேன். நிஜமாவே ஒண்ணும் இல்லை." மடித்த தாளைப் பையில் போட்டார். "நான் பெட்டியைக் கட்டிக்கிறேன்."

அவர் வாசலை நோக்கித் திரும்பினார்.

"க..."

கடைசி வரிசையில் இசக்கி எழுந்து நின்றிருந்தார்.

"க... க..."

"கதவைத் திறக்கணுமா?" என்று முன்வரிசைக்காரர் ஒருவர் எழப்போனார். அம்மை கையை உயர்த்தினார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் நின்றார். பெட்டி, மகன் வீட்டு ஹால், எல்லாமே அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோயிற்று. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். இசக்கியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

இசக்கியின் கழுத்து நரம்பு புடைத்தது. "கடை... கடை..."

ஜன்னலில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. சபையைப் பார்த்துவிட்டுப் பறந்து போனது. முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைப்பி... கடைப்பிடிக்கிறார்."

சொல்லி முடித்துவிட்டு இசக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அம்மை தலையசைத்தார். "தீட்சை உண்டு."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் தானாக வந்தது. இனி எங்கும் போக வேண்டாம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலையே, இசக்கி. எதைக் கடைப்பிடிக்கிறேன்?"

"பொ..." என்று ஆரம்பித்தார் இசக்கி. "பொ... பொ..."

செண்பகம் அம்மையின் பக்கம் குனிந்தாள். "இது முடிய நேரமாகும்மா. இலை போட்டாச்சு. ரசம் ஆறிடும்."

வாத்தியார் திரும்பவில்லை. இசக்கியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஆறட்டும்."