வில்லுக்கு மட்டும் அனுமதி

தன் தம்பி மலை தாண்டிப் போய்விட்டான் என்று அண்டங்காக்கை சொன்னதைக் கடமான் கிளைக்கொம்பன் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். முழுதாக நம்பவும் முடியவில்லை. பொய் என்று தள்ளவும் தைரியம் வரவில்லை. அது பொய் என்றால் அடுத்த கேள்வி தன்னை நோக்கித்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

மூங்கிலும் நெல்லிமரங்களும் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அந்தக் கடமான் கூட்டம் வாழ்ந்தது. நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் மான்கள் புரளும் சேற்றுக்குழி. அந்தப் பக்கம் மேட்டின்மேல் ஒரு வேட்டை பங்களா. மழைக்காலம் முடிந்ததும் பங்களாவில் விளக்கு எரியும். விருந்தாளிகள் துப்பாக்கிகளோடு வந்து இறங்குவார்கள்.

"டுமீல்!" என்று சத்தம் கேட்கும். ஒரு மான் விழும். மற்ற மான்கள் தலைதெறிக்க ஓடும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெடிச் சத்தம் கேட்ட நாளின் மாலையில் எல்லாரும் சேற்றுக்குழிக்கு அருகே கூடுவார்கள். யார் வரவில்லை என்று பார்ப்பார்கள். வராதவரின் பெயரைச் சொல்லி, முன்னங்காலால் தரையைத் தட்டுவார்கள். அன்று யாரும் மேயமாட்டார்கள். வெடிச் சத்தம் கேட்காத நாளில் கூடுவதில்லை. எதற்குக் கூடவேண்டும்?

ஒரு வருடம் சத்தம் மிக அதிகமாக இருந்தது. கூட்டத்துக்கு மூத்தவன் கிளைக்கொம்பன்தான். பெயர்களைச் சொல்லிச் சொல்லி அவன் தொண்டை வறண்டுவிட்டது.

"போதும்! நாம இந்த மலையை விட்டே போயிடலாம்!" என்றான்.

அவன் தம்பி சேறாடி அப்போதும் சேற்றில் புரண்டுகொண்டிருந்தான். சேற்றைக் கண்டால் விடமாட்டான். அதனால்தான் அந்தப் பெயர்.

"மலைக்கு அந்தப் பக்கம் சேறு இருக்குமா, அண்ணே?"

"வெறும் பாறைடா."

"அப்போ தூசியைத்தான் பூசிக்கணும்! உயிரோட இருந்தா தூசியும் சந்தனம்தான். கிளம்பு, போகலாம்."

மான்கள் கிளம்பப் போகிற சேதி பங்களா நாய் சிப்பாயின் காதுக்கு எட்டியது. சிப்பாய்க்கு உடனே கணக்குப் புரிந்துவிட்டது. மான் இல்லையென்றால் விருந்தாளி இல்லை. விருந்தாளி இல்லையென்றால் எலும்பு இல்லை. அவன் ஓடைக்கரைக்கு வந்து வாலை ஆட்டினான்.

"கும்பிடறேன், பெரியவரே! கோபமா கிளம்பறீங்களாமே?"

"உங்க எஜமான் போடற சத்தத்துல குட்டிங்க பால் குடிக்க மாட்டேங்குது. இன்னும் எதுக்கு இருக்கணும்?" என்றான் கிளைக்கொம்பன்.

"நியாயம்தான்! அந்தச் சத்தம் எனக்கே ஆகாது. எங்க எஜமானி அம்மாகூடக் காதைப் பொத்திக்கிறாங்க. அதனால எஜமான் ஒரு முடிவு பண்ணியிருக்கார். இனிமே இந்தப் பள்ளத்தாக்குல துப்பாக்கி கிடையாது. வில்லுக்கு மட்டும்தான் அனுமதி!"

"வில்லா?"

"ஒரு குச்சி, ஒரு கயிறு! சின்னப் பிள்ளைங்க விளையாடற சாமான். ரொம்பக் கிட்ட வந்தாத்தான் எய்ய முடியும். கிட்ட வந்தா உங்க மூக்குக்குத் தெரியாதா? நீங்க இங்கேயே இருங்க, அது போதும்."

கிளைக்கொம்பன் தம்பியைப் பார்த்தான்.

"நாய் இவ்வளவு இனிப்பாப் பேசினா எனக்கு நம்பிக்கை வரலை, அண்ணே!" என்றான் சேறாடி. "துப்பாக்கி வெடிச்சா ஒருத்தர் சாகறோம், மத்தவங்க ஓடறோம். வில்லு வெடிக்காதே! அப்போ மத்தவங்க எப்போ ஓடறது?"

சிப்பாய் சிரித்தான். "சத்தமே இல்லாதப்போ எதுக்குத் தம்பி ஓடணும்?"

மான்கள் எல்லாம் சிரித்தன. கிளைக்கொம்பனும் சிரித்துவிட்டான். பெயர் சொல்லிக் களைத்தவனுக்கு அந்த வார்த்தை குளிர்ந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"சரி, இருக்கோம்" என்றான்.

முதல் வருடம் இரண்டு மூன்று வில்லாளிகள்தான் வந்தார்கள். ஓர் அம்பு மரத்தில் குத்தியது. ஓர் அம்பு கறையான் புற்றில் குத்தியது. ஒருவர் தன் செருப்பிலேயே எய்துகொண்டார். சேறாடி ஒரு கண்ணை மூடி, கழுத்தை ஒடித்து அவரைப் போலவே குறிபார்த்துக் காட்டினான். "அய்யோ, என் செருப்பு! புதுச் செருப்பு!" என்று நொண்டியடித்தான். குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அடுத்த வருடம் சிப்பாய் மறுபடியும் வந்தான்.

"பெரியவரே, இன்னும் கொஞ்சம் பேருக்கு அனுமதி கொடுக்கலாமா?"

"வில்லுதானே? கொடுக்கட்டும்."

அதற்கும் அடுத்த வருடம் வந்தான். "குளிர்காலம் முழுக்க நீட்டிக்கலாமா?"

"வில்லுதானே? நீட்டிக்கட்டும்."

பிறகு ஒருநாள், "மூங்கில் சரிவையும் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டான்.

கிளைக்கொம்பன் தயங்கினான். "அங்கே குட்டி போட்ட தாய்ங்க படுத்திருக்குமே!"

"அதுக்குத்தானே வில்லு! குட்டிங்களோட தூக்கம்கூடக் கலையாது."

கிளைக்கொம்பன் தலையசைத்தான். அன்று ஏன் தலையசைத்தோம் என்று பின்னால் அவன் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தான். சிப்பாய் அவனை ஏமாற்றினானா? அல்லது ஏமாறுவதற்கு இடம் தேடி அவனே போய் நின்றானா? அவனுக்கு விடை கிடைக்கவில்லை.

காடு அமைதியாகிவிட்டது. வெடிச் சத்தம் இல்லை. அதனால் சேற்றுக்குழியில் யாரும் கூடவில்லை. யார் வரவில்லை என்று யாரும் பார்க்கவில்லை. சேற்றுக்குழியின் ஓரமெல்லாம் புல் முளைத்தது. மேய்ச்சல் வெளியில் புல் வயிறு உயரத்துக்கு வளர்ந்தது. "இந்த வருஷம் நல்ல மழை!" என்று மான்கள் பேசிக்கொண்டன. தின்ன வாய்கள் குறைந்துபோனதை அவை யோசிக்கவில்லை.

எப்போதாவது ஒரு தாய் குட்டியைத் தேடும். ஒரு குட்டி தாயைத் தேடும். அப்போதெல்லாம் நெல்லிமரத்திலிருந்து அண்டங்காக்கை குரல் கொடுக்கும்.

"ஏன் அழறே? அது மலை தாண்டிப் போயிடுச்சு! நான் பார்த்தேனே!"

காக்கை நாலு திசையும் பறக்கிறது. அதற்குத் தெரியாதா? மான்கள் நம்பின. நம்புவதுதான் எளிதாகவும் இருந்தது. அந்த வருடங்களில் காக்கை நன்றாகப் பருத்து மின்னியது. அது உட்கார்ந்தால் கிளை வளைந்தது.

ஒருநாள் காலையில் சேறாடி அண்ணனிடம், "சேத்துக்குப் போறேன். வர்றியா? நீயும் கொஞ்சம் அழகாகலாம்!" என்றான்.

"நீ போய் அழகாகு. நான் அப்புறம் வர்றேன்."

கிளைக்கொம்பன் வெயில் ஏறியபின் போனான். சேற்றில் தம்பி புரண்ட தடம் ஈரமாக இருந்தது. தம்பி இல்லை.

அவன் கூப்பிட்டுப் பார்த்தான். சரிவு முழுக்கத் தேடினான். கடைசியில் நெல்லிமரத்தடியில் வந்து நின்றான்.

"காக்கையே! என் தம்பியைப் பார்த்தியா?"

"பார்க்காம என்ன! மலை தாண்டிப் போயிட்டான்."

"என்கிட்ட சொல்லாமலா?"

"இளவட்டம்! அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா போவான்? தலையைத் தூக்கிக்கிட்டு ராஜா மாதிரி நடந்து போனான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கிளைக்கொம்பன் சிப்பாயிடமும் போனான்.

"எங்க கூட்டம் குறைஞ்சுக்கிட்டே வருது. என் தம்பியையும் காணோம்."

சிப்பாய் எலும்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "பெரியவரே, துப்பாக்கிச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லை."

"நாங்க கொடுத்த வாக்கை மீறினோமா?"

"இல்லை."

"அப்புறம் என்ன!" சிப்பாய் மறுபடியும் எலும்பைக் கவ்விக்கொண்டான்.

கிளைக்கொம்பன் திரும்பி வந்தான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மலை முகட்டுக்கு ஏறி, அந்தப் பக்கம் பார்த்து, "டேய் சேறாடி!" என்று கூப்பிடுவான். பாறைகள் அவன் குரலையே திருப்பி அனுப்பும். ஒரு கேலி வார்த்தைகூடச் சொல்லாமலா அவன் போயிருப்பான்? சேறில்லாத இடத்தில் எப்படி இருப்பான்? கோபமா? என்மேல் என்ன கோபம்? அழலாமா என்று தோன்றும். உயிரோடு இருப்பவனுக்காக அழுதால் அது அவனுக்கு ஆகாதே என்று அடக்கிக்கொள்வான். இப்படியே வருடங்கள் போயின.

கூட்டத்தில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருத்தி, கிளைக்கொம்பனின் தங்கை மகள் வெண்குளம்பி. ஒருநாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தார்கள். காற்று அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. எதிரில் புதர் மறைவில் யார் இருந்தாலும் மூக்குக்கு எட்டாது.

"மாமா, இந்தப் பக்கம் புல்லு இனிக்குது. வந்து தின்னுங்க. பல்லு இருக்கா, இல்லையா?"

"உன்னை மெல்லற அளவுக்கு இருக்கு!"

அவள் சிரித்தாள். அப்போது காய்ந்த குச்சி ஒன்று முறிந்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வெண்குளம்பி ஒருமுறை துள்ளி நின்றாள்.

"ஏதோ முள்ளு குத்திடுச்சு, மாமா."

அவள் விலாவில் இறகு வைத்த குச்சி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் ஓடவில்லை. மற்ற மான்கள் மேய்ந்துகொண்டேயிருந்தன. கிளைக்கொம்பனின் காதுகள் இன்னும் ஒரு வெடிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அது வரவேயில்லை.

"தாகமா இருக்கு, மாமா" என்றாள். கூட்டம் மேயப் போகாத, ஓடையின் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தை நோக்கி நடந்தாள். வலியில் தலையை உயரத் தூக்கிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்தாள்.

கிளைக்கொம்பன் கூடவே போனான். வில்லாளி கொஞ்ச தூரம் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். உயர்ந்த புல்லில் தடம் மறைந்துவிட்டது. அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இன்னொரு மானைத் தேடிப் போனார்.

பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீரோரம் எலும்புகள் இருந்தன. பழைய எலும்பு, புதிய எலும்பு, சின்னஞ்சிறு எலும்பு. விலா எலும்புகளுக்கு நடுவே இறகு உதிர்ந்த குச்சிகள் கிடந்தன. மலை தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். தண்ணீர் தேடி வந்து, குடித்து, அங்கேயே படுத்திருந்தார்கள். யார் பெயரையும் யாரும் சொல்லவில்லை. யாருக்காகவும் யாரும் தரையைத் தட்டவில்லை.

கிளைக்கொம்பன் எந்தக் கொம்பையும் உற்றுப் பார்க்கவில்லை. அவனால் முடியவில்லை.

வெண்குளம்பி உடனே சாகவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தாள். "கூட்டத்துக்குச் சொல்லியாச்சா, மாமா? எல்லாரும் வருவாங்களா?" என்று கேட்டாள். "வருவாங்கம்மா" என்றான். மறுநாள் வெயில் ஏறியபோது அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் மூச்சு நிற்பதற்கு முன்பே அண்டங்காக்கை வந்து பாறையில் உட்கார்ந்திருந்தது. கிளைக்கொம்பன் அங்கே இருப்பதை அது எதிர்பார்க்கவில்லை. இறக்கையை ஒருமுறை சரிசெய்துகொண்டது.

"அடடா, பாவம்! சின்ன வயசு" என்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நீங்க கவலைப்படாதீங்க, பெரியவரே. இவளும் மலை தாண்டிப் போயிட்டாள்னு நானே கூட்டத்துல சொல்லிடறேன்."

கிளைக்கொம்பன் மெதுவாக நிமிர்ந்தான். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது அப்போது வெளியே வந்தது. அவன் கத்தவில்லை. கொம்பை ஆட்டவில்லை.

"காக்கையே, என் தம்பி மலை தாண்டிப் போனான்னு சொன்னியே, அன்னைக்கு நீ என்ன சாப்பிட்டே?"

சத்தம் அடங்கியதால் கொடுமையும் அடங்கிவிட்டது என்று நம்புகிறவர், இறந்தவர்களுக்காக அழ வேண்டிய காலத்தையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்.