மாவு பிசையும் டீச்சர்

“எம் பிள்ளைக்கு என்ன மருந்து வச்சிய, டீச்சர்?”

கேட்டவள் செண்பகவல்லி. பதில் சொல்ல வேண்டியவள் பெனிட்டா.

பாளையங்கோட்டையில் பெனிட்டா நடத்தும் தெரபி சென்டரில், பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போக அம்மாமார்கள் வந்து நிற்கிற நேரம் அது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மருந்தா?” என்றாள் பெனிட்டா.

“மயக்கு மருந்துதான். இல்லன்னா ஒங்க முன்னால இருந்து எம் பிள்ள தன் கையால திம்பானா?”

பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. செண்பகவல்லியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். குரு என்றால் தாடியும் கமண்டலமும் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் குருவிடம் இருந்தது ஓர் ஊஞ்சலும், ஒரு டப் நிறைய அரிசியும், ஒரு கூடை துணி கிளிப்பும்தான்.

அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது. சட்டைக்குப் பித்தான் போடுவது, செருப்பை மாட்டுவது, பஸ் இரைச்சலைத் தாங்கிக்கொண்டு சீட்டில் உட்கார்வது என்று மற்ற பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகிற வேலைகள் சில பிள்ளைகளுக்குத் தானாக வருவதில்லை. அவற்றை விளையாட்டுப் போலவே பழக்குவார்கள். ஆக்குபேஷனல் தெரபி என்று வாசல் போர்டில் எழுதியிருந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பால் காய்ச்சப் பழகிக்கொண்டிருந்தாள். பால் பொங்கினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இப்போது நின்று அடுப்பை அணைக்கிறாள்.

அப்பு, செண்பகவல்லியின் மகன். ஒன்பது வயது. பேச்சு கிடையாது. ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ எது கையில் பட்டாலும் தீ சுட்டதுபோல் உதறுவான். அதனால் மூன்று வேளையும் ஊதி ஊதி அவனுக்கு ஊட்டியவள் அவள்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு ஊட்டி முடித்த பிறகுதான் தனக்கு இலை தேடுவாள். அதற்குள் பாதி நாள் பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு அவள் சென்டருக்குச் சீக்கிரமே வந்துவிட்டாள். சும்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

அப்பு தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்தான். வாய்க்குள் போட்டான். மூக்கில் கொஞ்சம், சட்டையில் கொஞ்சம். போட்டுவிட்டுப் பெனிட்டாவைப் பார்த்துச் சிரித்தான்.

தின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“நீங்க அவன ஏறெடுத்துக்கூடப் பாக்கல,” என்றாள் இப்போது. “பூரிக்குப் பிசையுத மாதிரி என்னமோ மாவப் பிசைஞ்சுக்கிட்டு இருந்திய. அப்பவும் ஒங்களப் பாத்துல்லா சிரிக்கான்.”

“ஆமாக்கா.”

“பத்து மாசம் சுமந்தவ நான்.”

“ஆமாக்கா.”

“சும்மா ஆமா ஆமாங்காதிய. எங்கிட்ட ஏன் அப்படித் திங்க மாட்டுக்கான்?”

பெனிட்டா யோசித்தாள்.

“நான் இங்க என்ன செய்யுதனோ, அத நீங்களும் வீட்ல செஞ்சு பாருங்களேன்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

செண்பகவல்லி அதைச் சவாலாகவே எடுத்துக்கொண்டாள்.

சென்டரில் இருப்பது போல அடியில் ரப்பர் வைத்த நீலத் தட்டு வாங்கினாள். அதே மாதிரி குட்டை நாற்காலி வாங்கினாள். கால் தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெனிட்டாவின் பக்கத்தில் நின்று மோந்தே அவள் பூசுகிற பவுடர் இன்னதென்று கண்டுபிடித்து அதையும் வாங்கினாள். சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்று கேட்டார் புருஷன் கந்தையா.

“எங்கயும் இல்ல. சோறு குடுக்கப் போறேன்.”

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது.

அப்பு நாற்காலியில் உட்கார்ந்தான். நீலத் தட்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

ஊட்டினாள்.

மறுநாளும் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான்.

ஊட்டினாள்.

அந்த வாய் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது உண்மை. வயிறு குளிர்ந்ததும் உண்மை. என் பிள்ளை எனக்குத்தான் வாய் திறக்கிறான், அந்த டீச்சருக்கு இல்லை. இதை அவள் கந்தையாவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சென்டருக்குப் போய் நின்றாள்.

“எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. ஒன்னும் நடக்கல. எம் பிள்ளைக்கு நானே போதும். நாளையில இருந்து அனுப்ப மாட்டேன்.”

காய்ந்த அரிசியில் கைவிட்டு, அப்புறம் பொரியில், அப்புறம் ஈர மணலில் என்று படிப்படியாகத்தான் அப்புவின் கை இட்லி வரைக்கும் வந்திருந்தது. இப்போது நிறுத்தினால் அந்தக் கை திரும்பவும் மூடிக்கொள்ளும். இது செண்பகவல்லிக்குத் தெரியாததல்ல. நாளைக்குத் தனக்கு ஒன்று ஆகிவிட்டால், இவன் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் பொறாமை குடிவந்த வீட்டில் புத்திக்கு வாசல்படியில்தான் இடம்.

“எல்லாம் செஞ்சியளா?” என்று கேட்டாள் பெனிட்டா.

“எல்லாம்.”

“மாவு பிசைஞ்சியளா?”

“அது எதுக்கு? ராத்திரிப் பூரிக்குப் பிசையுதியன்னுல்லா நெனச்சேன்.”

பெனிட்டா சிரிக்கவில்லை.

“நாளையில இருந்து வர வேண்டாம்க்கா. இன்னைக்கு மட்டும் அவன் சாப்பிடுத வரைக்கும் உள்ள வந்து உக்காருங்க.”

அப்புவுக்கு எதிரில் அவளை உட்கார வைத்தாள். ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போன மைதா மாவு.

“இதுக்குள்ள பாசிமணி பொதச்சு வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா எடுங்க. எடுத்து முடிக்கிற வரைக்கும் கை வேற எதையும் தொடக்கூடாது.”

“தெரபி எனக்கா?”

“ஆமாக்கா.”

செண்பகவல்லி இரண்டு கையையும் மாவுக்குள் விட்டாள். மாவு மணிக்கட்டு வரை அப்பிக்கொண்டது. மணி ஒன்றும் அகப்படவில்லை.

அப்புவின் தட்டில் இட்லி வந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அவள் கை தானாகத் தட்டுக்குப் போனது. பத்து விரலிலும் மாவு.

“பாசிய எடுங்கக்கா,” என்றாள் பெனிட்டா.

கை திரும்பியது.

அப்பு இன்னும் பெரிதாக வாயைத் திறந்தான். பிறகு கத்தினான். மேசையை அடித்தான். செண்பகவல்லி கையைத் துப்பட்டாவில் துடைக்கப் போனாள்.

“பச்சப் பிள்ள பசிக்குதுன்னு கத்துதான். நீங்க பாத்துக்கிட்டு இருக்கிய. பெத்திருந்தாத் தெரியும் டீச்சர்.”

பெனிட்டாவின் முகம் சுருங்கியது.

“அவன் வாயத் தெறந்தா எனக்குந்தான் ஊட்டக் கை ஓடுது,” என்றாள். “இல்லன்னா நான் எதுக்கு தெனமும் மாவப் பிசைஞ்சுக்கிட்டு கெடக்கேன்?”

துடைக்கப் போன கை துப்பட்டாவிலேயே நின்றது. செண்பகவல்லி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மறுபடியும் மாவுக்குள் விட்டாள்.

அப்பு கத்தி ஓய்ந்தான். வாயை மூடினான். ஒரு விரலால் இட்லியைத் தொட்டுச் சட்டையில் துடைத்தான். திரும்பத் தொட்டான். கொஞ்சம் பிய்த்தான். வாயில் போட்டான்.

மென்றான். சிரித்தான்.

பெனிட்டாவைப் பார்த்துத்தான்.

“பாத்தியளா!” என்றாள் செண்பகவல்லி. கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவும் கை இல்லை. “இப்பவும் ஒங்களப் பாத்துத்தான். திங்கது நீங்க சொல்லிக் குடுத்தது. சிரிக்கது நீங்க சொல்லிக் குடுத்தது. எல்லாமே நீங்க சொல்லிக் குடுத்ததுன்னா, நான் எதுக்குதான் இருக்கேன்?”

பெனிட்டா அப்புவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பு இன்னொரு துண்டு பிய்த்திருந்தான். அது அவன் வாய்க்குப் போகவில்லை. அம்மாவின் கைகளைப் பார்த்தான். மாவு அப்பிய அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தான்.

ஆறிப்போன இட்லியை உஃப் உஃப் என்று ஊதினான்.

நாற்காலியிலிருந்து எழுந்து, மேசைமேல் சாய்ந்து, துண்டை அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் திறக்கட்டும் என்று தன் வாயை ‘ஆ’ என்று திறந்து காட்டினான்.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

ஊட்டிவிட்டு, அவள் உதட்டோரத்தில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால் வழித்துவிட்டான்.

வாய் நிறைய இட்லியோடு அவள் பெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு ஒருநாளும் இப்படித் தந்ததில்ல,” என்றாள் பெனிட்டா. குரலில் லேசாகப் புகைச்சல் இருந்தது. “இத நான் சொல்லிக் குடுக்கவும் இல்லக்கா.”