உடைந்த சில்லைக் கேட்டவள்

தூத்துக்குடியில் ஒரு பள்ளி விடுதிச் சமையல்காரி அருள்செல்வி. சுற்றுலாப் பேருந்தில் காரைக்குடி வந்தவள், பழம்பொருள் கடைத்தெருவில் காலையிலிருந்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். பெரிய கடை ஒன்றில் ஒரு பீங்கான் ஜாடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஜாடியை உடைச்சிட்டியே" என்றார் கடைக்காரர் வயிரவன். அந்தத் தெருவில் அவரை எதிர்த்து யாரும் பேசுவதில்லை.

ஜாடியின் விளிம்பில் விரலகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

"நான் சும்மா தூக்கித்தான் பார்த்தேன் ஐயா."

"இவ்வளவு நேரம் முழுசா இருந்தது. இப்பதான் உன் கையில உடைஞ்சது. காசு இல்லைன்னா காதுத் தோட்டைக் கழற்றி வை."

கூட்டம் கூடிவிட்டது. அருள்செல்வி ஜாடியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள்.

"சரிங்க ஐயா, தோட்டைத் தர்றேன். அப்ப ஜாடி எனக்குத்தானே? உடைஞ்ச சில்லையும் எடுத்துக் குடுங்க, ஊருக்குப் போய் ஒட்டிக்கிறேன்."

வயிரவன் தரையைப் பார்த்தார். வேலையாளை மேசைக்கு அடியில் தேடச் சொன்னார். தூசிதான் இருந்தது.

"எங்கேயாவது தெறிச்சிருக்கும்" என்றார்.

"போன வாரமும் இந்த ஜாடியில இருந்துதான் தெறிச்சுது" என்றார் வாசலில் நின்ற இளநீர்க்காரர். கூட்டம் சிரித்தது.

"சரி சரி, நீ கிளம்பு" என்றார் வயிரவன்.

"நிதானமாத் தேடி வைங்க ஐயா. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அருள்செல்வி அடுத்த கடைக்குப் போனாள்.

சாயங்காலம் சொன்னபடியே வந்தாள். தெருவில் மற்ற கடைகளெல்லாம் திறந்திருந்தன. வயிரவன் கடை மட்டும் பூட்டியிருந்தது.